முப்பத்தொன்பது

மதரசா என்று பெயர்தான்.
முன்பு இது கூட்டுப்பண்ணையின் கால்நடை மருந்தகம்.
சுவரில் இன்னும் ஒரு செம்மறியின் படம்,
ஈரலுக்கும் நுரையீரலுக்கும் ரஷ்ய எழுத்தில் பெயர்கள்.
நான் அழிக்கவில்லை.
ஜகாத் பாடத்துக்கு உதவும்.

பாத்கெனில் வெள்ளிக் கணக்கு சொன்னால்
பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.
ஆடு என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.
ஆகவே ஒரு சாக்கு ஆப்ரிகாட் கொட்டை:
கொட்டைக்கு ஓர் ஆடு, மேசை மலைச்சரிவு.

"நாற்பது இருந்தால்?"
"ஒன்று!"
"நூற்றிருபது?"
"அப்போதும் ஒன்றுதான்!"
"இன்னும் ஒன்று கூடினால்?"
"இரண்டு" என்றான் எர்மெக்,
"கடைசியாக வந்த ஆடு செய்த வேலையைப் பாருங்கள், உஸ்தாஸ்!"
சிரிப்பு. அடுப்பில் நிலக்கரி படீரென்றது.

"முப்பத்தொன்பது?"

"ஒன்றுமில்லை."
சொன்னவள் ஊல்கான்,
மற்றவர்கள் எண்ணத் தொடங்குமுன்பே,
வீட்டு முகவரி சொல்வதுபோல.
"எங்களிடம் எப்போதும் முப்பத்தொன்பதுதான்.
ஆண்டு திரும்பும் வாரம் அப்பா சந்தைக்குப் போவார்.
எத்தனை குட்டி போட்டிருந்தாலும்
திரும்பி வரும்போது முப்பத்தொன்பது."
கொஞ்சம் நிறுத்தி,
"மிச்சக் காசு ஹஜ் டப்பாவுக்கு."

விடை சரி. முழு மதிப்பெண்.
பேனாதான் எழுத மறுத்தது.
ஓஷ் நகரத்தில் என் அம்மா
இருக்கிற பொன்னை மூன்று மகள்களின் பெயரில்
மூன்று கைக்குட்டைகளில் முடிந்து வைத்திருக்கிறாள்.
எந்த முடிச்சும் எண்பத்தைந்து கிராமைத் தொடாது.
நடு முடிச்சு என்னுடையது.

"எது எழுதப்படும், உஸ்தாஸ்?
கொடுக்காத ஆடா, போகப்போகிற ஹஜ்ஜா?"
கேட்டவன் இஸ்லாம்பெக், அவனுக்கு வயது ஒன்பது.
மணி அடித்துவிட்டது என்றேன்.
எங்களிடம் மணியே கிடையாது.

வியாழக்கிழமை மக்கா.
துணி துவைக்கும் இயந்திரம் வந்த அட்டைப்பெட்டிக்குக்
கரியால் கறுப்பேற்றினோம்; கதவு வரைய மஞ்சள் சுண்ணக்கட்டி.
குளிருக்குக் கோட்டைக் கழற்ற முடியாமல்
அதன்மேலேயே துண்டைச் சுற்றிக்கொண்ட ஹாஜிகள்.
"பெட்டி இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்தினேன்.
ஐந்தாவது சுற்றில் கணக்கை விட்டவன் எர்மெக்,
அவனுக்காக மறுபடி முதலிலிருந்து சுற்றியவர்கள் மூன்று பேர்.
அடுப்பு ஸஃபா, வாசல் மர்வா.
இடையில் ஓடியதில் ஒரு நாற்காலி உடைந்தது.

பிறகு கல்லெறிதல்.
முன்தினம் ஆடுகளாய் இருந்த அதே கொட்டைகள்,
ஆளுக்கு ஏழு. தகர வாளிதான் ஷைத்தான்.
ணங், ணங், ணங்.
ஊல்கானின் முறையில் ஆறு சத்தம் கேட்டது.
"இன்னொன்று?"
மூடிய கையைப் பின்னால் கொண்டுபோனாள்.
"இது ஆடு, உஸ்தாஸ்."

மாமாதாலி மகளை அழைத்துப்போக வந்தார்,
வெள்ளைத் தொப்பியின் மேல் இன்னும் வெள்ளையாய்ப் பனி.
கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்.
பூட்ஸைக் கழற்றினார்.
பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு
ஒரே ஒரு சுற்று வந்தார், பெட்டி இடப்பக்கம் இருக்க.
யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.
பதினொரு ஆண்டுகளாய் அவர் பெயர் வரிசையில் இருக்கிறதாம்.

ஊல்கான் அவர் உள்ளங்கையைப் பிரித்து
கொட்டையை வைத்தாள்.
"நாற்பது."
அவருக்கு விளங்கவில்லை; அல்லது விளங்கியது.
கடைவாயில் வைத்து உடைத்து,
பருப்பில் பாதியை அவளுக்கு நீட்டினார்.
அவள் வாங்கவில்லை.
பாதிப் பருப்போடு கொஞ்ச நேரம்
அந்தக் கை அப்படியே இருந்தது.
வெளியே வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசினேன்.
கைக்குட்டைகளைப் பற்றி ஆரம்பித்து
ஓஷில் பனி எவ்வளவு என்று கேட்டேன்.
முழங்கால் வரை என்றாள்.
கழுவக் கழுவ விரல் இடுக்கில்
பெட்டிக்குப் பூசிய கரி.